பெட்டிப் படத்தின் முடிவு

அன்புள்ள சேக்காளிகளே, போன வாரம் முழுக்க நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துப் படம் எது?’ என்று நம் வகுப்பு லீடர் சும்மா இருக்கமாட்டாமல் பற்றவைத்தான். பேரன் பேத்தி எடுத்த ஆட்கள் சர்க்கரை மாத்திரை போடக்கூட மறந்து மல்லுக்கு நிற்கிறோம். ஒருவன் பத்துப் படம் சொன்னால் இன்னொருத்தி அதில் ஒன்பதை அடிக்கிறாள். கடைசி பெஞ்சுக்காரன் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களாகப் போட்டு எல்லாரையும் மிரட்டப் பார்த்தான். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ‘ஏம்மா, நீ படமே பார்த்ததில்லையா?’ என்று லீடர் கேட்டிருந்தான். பார்த்திருக்கிறேன், உங்கள் எல்லாரையும்விட நல்ல படமாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. நீளமாக எழுதுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் போய்க் காலை வணக்கப் பூ அனுப்பிக்கொண்டிருங்கள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ‘இதுவா? இது ஓடவே இல்லையே’ என்பீர்கள். எங்கள் தெருப் பெண்களும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது ‘பெட்டிப் படம்’. ஒரு பெண் பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போவாள். அந்த வீட்டில் அவளைப் படுத்தாத பாடு படுத்துவார்கள். ஒருநாள் விடியும் முன்னே தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவாள். ரயில் புகை விட்டுக்கொண்டு வரும். அவள் குனிந்து பெட்டியைக் கையில் எடுத்து நிமிர்வாள். அந்த முகம் அப்படியே நிற்க, அதன் மேல் ‘இடைவேளை’ என்று எழுத்து விழும்.

அதற்குப் பிறகு அவள் ரயில் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்று எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கும் தெரியாது. நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். பொழுது சாய்ந்ததும் முதல் படம். அது எப்போதும் ஆண்கள் கேட்கும் சண்டைப் படம். பெண்கள் கேட்கும் படம் இரண்டாவதுதான் வரும். அதற்குள் மடியில் கிடக்கும் பிள்ளைகள் தூங்கி, பெண்களுக்கும் கண்ணைச் சுழற்றும். மறுநாள் இருட்டோடு ஏலத்தோட்டத்து ஜீப் வந்து ஆரன் அடிக்கும், கேரள எல்லையில் கம்பம்மெட்டு மலை ஏற வேண்டும். இடைவேளை எழுத்து விழுந்ததும் சாக்கை உதறிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வேறொரு வருஷம் ஒரு காதுகுத்து வீட்டில் அதே படத்தைப் போட்டார்கள், அன்றைக்கு ரயில் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. மற்றொரு முறை கேசட் நாடா டெக்குக்குள் சிக்கி, டெக் அண்ணன் அதை முழம் முழமாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

டெக்கை வாடகைக்குக் கொண்டுவரும் இந்த டெக் அண்ணன் சின்னமனூர்க்காரர். அவரிடமே கேட்டுவிடலாம் என்று ஒருமுறை பெண்கள் மறித்துக்கொண்டார்கள்.

“முடிவு என்னான்னு நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி.”

“நான் எங்கக்கா பாத்தேன்? கேசட்ட மாட்டிவிட்டுட்டு டேபிளுக்கு அடியில படுத்துருவேன். படம் ஓடுறப்பத்தான் எனக்குத் தூக்கமே வரும்.”

ஆக, ஜீப்பில் மலை ஏறும்போது ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டு போவார்கள். கோடை விடுமுறையில் அம்மாவோடு நானும் அந்த ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாகச் சரிவோம், ஒருத்தி தூக்குவாளியின் கூழ் இன்னொருத்தி சேலையில் கொட்டும், அதற்கொரு சண்டை நடக்கும். மேலே ஏற ஏறக் காற்றில் குளிர் வரும், பிறகு ஏலச்செடியின் பச்சை வாசம் வரும். களையெடுக்கும் நிரையில் குனிந்தபடியே படப் பேச்சு தொடரும். ஒருத்தியின் முடிவில் மாமியார் பாம்பு கடித்துச் செத்துப்போவாள். இன்னொருத்தியின் முடிவில் அந்தப் பெண் படித்துக் கலெக்டராகிக் காரில் வந்து அந்த வீட்டு வாசலில் இறங்குவாள். நம் லீடர் நடத்தும் சண்டையெல்லாம் அந்தச் சண்டைக்கு உறை போடக் காணாது. அவர்கள் ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒன்பது படம் எடுத்தவர்கள்.

அந்தச் சண்டையில் இரண்டு பேர் மட்டும் விளையாட்டுக்குப் பேசவில்லை. ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

நான் சொல்லவரும் வருஷம் தை மாதத்தில் சின்னம்மா பெரியகுளத்திலிருந்து திரும்பி வந்திருந்தாள். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. நல்ல வசதியான குடும்பம், மாந்தோப்பு எல்லாம் உண்டு. ஒருநாள் மத்தியானம், ரோஜாப்பூ வரைந்த பச்சைத் தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாதவள், அக்கா வீடுதான் பிறந்த வீடு. அவளுக்கு இடது காது கேட்காது. பெரியகுளத்து வராக நதியில் முங்கிக் குளிக்கும்போது தண்ணீர் போய்ச் சீழ் வைத்துவிட்டது என்று சொல்லியிருந்தாள், நாங்களும் நம்பினோம். படம் பார்க்கும்போது வலது காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவாள்.

அவள் எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று பேசுவாள். அதனால்தான் வாழத் தெரியாமல் வந்துவிட்டாள் என்று அப்பாவும் பெரியப்பாவும் முடிவு கட்டிவிட்டார்கள். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன், கோயில் கமிட்டித் தலைவர். இருவரும் கெட்டவர்கள் இல்லை. பெண் பிறந்த வீட்டில் தங்கிவிட்டால் ஊர் என்ன பேசும் என்று பயந்தவர்கள். அந்த ஊரே தாங்கள்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. திருவிழாவுக்குப் பெரியகுளத்திலிருந்து ஆள் வரும், மறுநாள் கையோடு அனுப்பிவைத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். அம்மாவுக்கும் அதில் சம்மதம். தங்கச்சி நல்லபடி வாழவேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு, அதற்கு வேறு வழி இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

ஜீப்பில் வைத்துத்தான் அந்தப் பந்தயம் நடந்தது.

“அவ திரும்பி வீட்டுக்குத்தான்டி போயிருப்பா,” என்றாள் அம்மா. “கட்டிக்கிட்டவள்ல? பொறுத்துப் போனா எல்லாம் சரியாகும். மாமியாக்காரி கடைசில அவ கையப் புடிச்சு அழுவா, பாத்துக்க.”

“பெட்டியத் தூக்குனவ எதுக்குத் திரும்பப் போறா? ரயில் ஏறிருப்பா.”

“ஏறி எங்க போவா?”

“எங்குட்டாச்சும் போவா. ரயிலு எத்தன ஊருக்குப் போகுது!”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தைப் பற்றிய கோபம் இல்லை என்பது ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. சின்னம்மா வெளியே பள்ளத்தாக்கிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“சரிக்கா. இந்தத் திருவிழாவுல அந்தப் படத்தக் கடைசி வரைக்கும் பாத்துருவோம். அவ வீட்டுக்குத் திரும்பிப் போனான்னா, நானும் மறுநா பெரியகுளம் போறேன், வாயத் தொறக்கல. அவ ரயில் ஏறிட்டான்னா என்னையப் போன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்டி,” என்றாள் அம்மா. தன் முடிவுதான் முடிவு என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஜீப் மொத்தமும் சாட்சியானது.

 சின்னம்மாதான் எனக்குத் தலை சீவிவிடுவாள், தோட்டத்தில் என் காலில் ஏறும் அட்டையை உப்பு வைத்து எடுப்பாள். அந்த ரயில் ஏறிவிட வேண்டும் என்று அம்மனிடம் நான் தனியாக வேண்டிக்கொண்டேன்.

இனி முளைப்பாரி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பிறந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் பட்டணத்தில் வளர்ந்த உங்கள் பிள்ளைகள் படித்தால் புரியட்டும். திருவிழாவுக்கு முன்னால் சட்டிகளில் எருவும் வைக்கோலும் பரப்பி நவதானியத்தை ஊன்றி, வெயில் படாத ஓர் அறையில் முளைக்க வைப்பார்கள். கடைசி நாள் பெண்கள் அதைத் தலையில் சுமந்து ஊர்வலம் போவார்கள். அந்த அறைக்குள் ஆண் காலடி படக்கூடாது. எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, முளை கருகிவிடும் என்பார்கள். எங்கள் தெருவில் பெரியப்பா வீட்டு உள்ளறைதான் முளைப்பாரி வீடு. பெரியம்மாதான் அதற்குப் பொறுப்பு. தன் சொந்த வீட்டு அறைக்குள் பெரியப்பாவே போக முடியாது. இந்த விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. அதற்கு முந்தின வருஷம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஓர் இளவட்டத்தைக் கோயில் முன்னால் தோப்புக்கரணம் போட வைத்தவர்.

அந்த அறை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் ஈரச் சாணமும் வைக்கோலும் வெந்ததுபோல ஒரு சூடான வாசம் முகத்தில் வந்து மோதும். இருட்டில் சட்டி சட்டியாக வெளிர்மஞ்சள் முளைகள் நிற்கும். சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெண்கள் சுற்றி நின்று கும்மி அடிப்பார்கள். கும்மி முடிந்தபின் பேச்சு. ஆண்கள் யாரும் கேட்க முடியாத ஒரே இடம் அதுதான், அதனால் எங்கள் தெருவின் முக்கியமான பேச்செல்லாம் அங்கேதான் நடந்தது.

படம் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அங்கே அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

“அக்கா, இந்த வருசம் நம்ம படத்த மொதல்ல போடச் சொல்லிப் பெரியவுககிட்டக் கேளுங்க.”

“கேட்டாச்சு,” என்றாள் பெரியம்மா. “அழுகுற படம்தான, எப்பப் போட்டா என்னான்னுட்டாக. சண்டப் படத்தப் பின்னால தள்ளுனா இளவட்டம் கல்லெறியுமாம்.”

 அம்மா ஒரு சட்டியில் வைக்கோலை ஒதுக்கி முளையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னம்மா திரும்பிப் போக வேண்டும், அதற்கு அந்தப் படத்தின் முடிவை அவள் பார்த்தாக வேண்டும். அம்மாவுக்கு அவ்வளவுதான் கணக்கு. யாரையும் எதிர்த்துப் பேசியறியாத என் அம்மா, பெரியப்பா வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும் என் அம்மா, அந்த அறையில் நின்றுதான் அப்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் டெக் அண்ணன் வந்து இறங்கினார். டிவியும் டெக்கும் கோயிலடிக்குப் போக, அவர் கமிட்டித் தலைவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். கேசட் இருந்த ரெக்ஸின் பையைச் சுவர் ஓரம் வைத்திருந்தார். பெரியம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாகவே அவருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு நார்ப்பெட்டியோடு அந்தப் பக்கமாக நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். நார்ப்பெட்டியின் மேல் மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டு நேராக முளைப்பாரி வீட்டுக்குள் போய்விட்டாள். பின்னாலேயே ஓடிய நான் பார்த்தேன். வாசலோரச் சட்டியின் பின்னால், வைக்கோலுக்கு அடியில், சண்டைப் பட கேசட். ஒரு விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினாள். அவள் முகத்தில் இருந்த திருட்டுச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவளை அப்போது அவ்வளவு பிடித்தது.

பொழுது சாய்ந்தது. கோயில் முன்னால் மேசை போட்டு டிவியை ஏற்றியாகிவிட்டது. தெரு மொத்தமும் சாக்கு விரித்து இடம் பிடித்திருந்தது. பெரியகுளத்திலிருந்து மாப்பிள்ளை வரவில்லை, தன் அண்ணனை அனுப்பியிருந்தார். அவருக்கு மரியாதையாக முன்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டெக் அண்ணன் பைக்குள் கையை விட்டுத் துழாவினார், கவிழ்த்துக் கொட்டினார். வேர்த்து வழிந்தது.

“ஏலே, கேசட்டு எங்கடா?” என்றார் பெரியப்பா.

“வச்சது வச்சபடி இருந்துச்சுண்ணே…”

பெண்கள் பக்கமிருந்து அம்மா எழுந்து நின்றாள்.

“பத்திரமாத்தான் இருக்கு மச்சான். முளைப்பாரி வீட்டுல இருக்கு. போயி எடுத்துக்கங்க.”

 பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க அடங்காமல் பரவியது. பெரியப்பா தன் வீட்டைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், போன வருஷம் தோப்புக்கரணம் போட்ட அந்த இளவட்டத்தைப் பார்த்தார். அவன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப நீயாச்சும் போயி எடுத்துட்டு வாத்தா,” என்று பெரியம்மாவிடம் இறங்கி வந்தார்.

“தண்ணி தெளிச்சு நடைய மூடியாச்சுல்ல? இனிமே இந்தப் படம் முடிஞ்சாத்தான் தொறப்போம்,” என்றாள் பெரியம்மா. அப்படி ஒரு சாஸ்திரம் அதுவரை கிடையாது. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் அவள் உண்டாக்கியது.

வேறு வழி? பெட்டிப் படம் முதல் படமாக ஓட ஆரம்பித்தது. பெண்கள் முதல்முறையாகத் தூக்கக் கலக்கம் இல்லாமல் பார்த்தார்கள். வசனம் அவர்களுக்கு மனப்பாடம், நடிகைக்கு முன்னால் இவர்கள் சொன்னார்கள். நான் சின்னம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன், எனக்கு இடது பக்கம் அம்மா. ரயில் வந்தது. அவள் பெட்டியை எடுத்து நிமிர்ந்தாள். ‘இடைவேளை’ விழுந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சின்னம்மாவின் கை என் கையை இறுக்கிக்கொண்டது, வளையல் அழுந்தி வலித்தது.

மறுபாதி தொடங்கியது. பிளாட்பாரத்தில் ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவள் புருஷன் படுத்த படுக்கையாகிவிட்டானாம். அவள் ரயிலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். ரயில் அவள் இல்லாமலே போய்விட்டது.

பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. என் கையைப் பிடித்திருந்த சின்னம்மாவின் பிடி தளர்ந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரியகுளத்தார் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ராத்திரி பகலாக வைத்தியம் பார்த்தாள், மாடாக உழைத்தாள், மூழ்கிய குடும்பத்தை எடுத்து நிறுத்தினாள். மாமியார் அம்மா சொன்னபடியே அவள் கையைப் பிடித்து அழுதாள். அம்மா சொன்ன முடிவு ஒவ்வொன்றாக அப்படியே வந்துகொண்டிருந்தது.

கடைசிக் காட்சி. குணமாகி எழுந்த புருஷன் யாரோ சொன்னதைக் கேட்டு அவளைச் சந்தேகப்பட்டு ஓர் அறை விட்டான். ஸ்பீக்கரில் பளாரென்று விழுந்தது அந்தச் சத்தம்.

சின்னம்மாவின் கை சட்டென்று அவளுடைய இடது காதுக்குப் போனது. தலை தோளுக்குள் ஒடுங்கியது. டிவியில் அவன் தப்பை உணர்ந்து கண் கலங்கினான், அவள் அவன் காலில் விழுந்து சிரித்தாள். ஆனால் அம்மா டிவியைப் பார்க்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டிருந்த தங்கச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி… ஆத்துத் தண்ணி இல்லயாடி அது?” என்று அம்மா கேட்டாள். டிவி சத்தத்தில் குரல் எடுபடவில்லை.

சின்னம்மாவுக்கு அந்தக் காதில் எங்கே கேட்கும்? அவள் திரும்பவில்லை. நடுவில் இருந்த நான்தான் முழங்காலில் எழுந்து, மறுபக்கம் சாய்ந்து அவளுடைய நல்ல காதில் சொன்னேன்.

“சின்னம்மா, அது ஆத்துத் தண்ணி இல்லயான்னு அம்மா கேக்குது.”

நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சின்னம்மா என்னைப் பார்த்தாள், என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

‘சுபம்’ விழுந்தது. பெரியகுளத்தார் நாற்காலியில் இருந்து எழுந்து சோம்பல் முறித்தார். பந்தய விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“நல்ல படம். குடும்பம்னா இப்பிடில்ல இருக்கணும்? பெட்டியக் கட்டி வையித்தா, காலைல மொதப் பஸ்சுக்குக் கெளம்புவோம்.”

சின்னம்மா எழுந்தாள். “சொன்ன சொல்லு சொன்னதுதான்க்கா,” என்று சேலை மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் திரும்பினாள்.

“உக்காருடி,” என்றாள் அம்மா.

அந்தக் குரலுக்குச் சின்னம்மா மட்டுமில்லை, நின்றுகொண்டிருந்த இளவட்டங்களில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா கூட்டத்துக்கு நடுவே நடந்து டிவி இருந்த மேசைக்குப் போனாள்.

“தம்பி, கேசட்டத் திருப்பு.”

“எங்கனக்கா?”

“ரயிலு வருதுல்ல, அவ பெட்டியத் தூக்குறால்ல, அங்கன போ.”

டெக் அண்ணன் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து இளவட்டங்கள் கத்தின. “அவுக சொன்னதச் செய்யிப்பா! நடையத் தொறந்தாத்தான சண்டப் படம் வரும்!” பெரியப்பாவும் சண்டைப் படத்துக்காகத்தான் காத்திருந்தார். “ஆத்தா சொல்லுதுல்ல, திருப்புடா,” என்றார்.

நாடா கிறீச்சென்று பின்னால் ஓடியது. காலில் விழுந்தவள் எழுந்தாள், அறைந்த கை இறங்கியது, மாமியாரின் கண்ணீர் கண்ணுக்குள்ளேயே போனது. பிளாட்பாரத்திலிருந்து திரும்பி நடந்தவள் பின்பக்கமாகவே நடந்து பெட்டியிடம் வந்து சேர்ந்தாள். எங்கள் தெருவே அதைப் பார்த்து ஆரவாரம் செய்தது. இடைவேளை எழுத்துக்குச் சற்று முன்னால் அவள் பெட்டியைத் தூக்கி நிமிர்ந்த இடம் வந்ததும் அம்மா கையை நீட்டினாள்.

“இங்கன நிப்பாட்டு.”

படம் நின்றது. குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்க, கையில் பெட்டியும் பின்னால் ரயிலுமாக அவள் முகம் நின்றது.

“என்னம்மா இது? முழுப் படமும் இப்பத்தான பாத்தோம்?” என்றார் பெரியகுளத்தார்.

“பாத்தோம். எங்களுக்குப் புடிக்கல. எங்க தெருவுல இந்தப் படம் இங்கனதான் முடியும்,” என்றாள் அம்மா. “ஒங்க தம்பி எந்தக் கையால எந்தக் காத ஒடச்சாகன்னு இப்பச் சொல்லவா, நாளைக்குச் சொல்லவா?”

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாக்கு விரிப்பில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஜீப்பில் சாட்சியாக இருந்தவர்கள் அவர்கள்தானே. “ஆமா, இங்கனதான் முடியும்” என்றாள் பாம்பு கடி முடிவுக்காரி. “இங்கனதான்” என்றாள் கலெக்டர் முடிவுக்காரி. எத்தனையோ நாள் அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்தது அன்றைக்குத்தான். அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். காது என்றதும் அவர் முகம் செத்துப்போயிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலி அருகே வந்தார்.

“நாளைக்குக் கிடா வெட்டு. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார். “பிள்ள வராது.”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் பார்த்தோம். “ஆத்தா, இப்ப நடையத் தொறக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் முளைப்பாரி வீட்டைத் திறந்தாள். வைக்கோலுக்கு அடியிலிருந்து கேசட்டை எடுத்துத் துடைத்து, மஞ்சள் துணி போட்ட நார்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியப்பா அதை இரண்டு கையாலும் திருநீறு வாங்குவது போல வாங்கிக்கொண்டார். சண்டைப் படம் ஓடியது. அதில் யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை, சின்னம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் முளைப்பாரி ஊர்வலம். புருஷனை விட்டு வந்தவள் சட்டி தூக்கக் கூடாது என்று முன்பெல்லாம் முணுமுணுப்பார்கள். அந்த வருஷம் உயரமாக வளர்ந்த சட்டியைப் பெரியம்மா எடுத்து, முதல் ஆளாகச் சின்னம்மா தலையில்தான் வைத்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கொட்டுச் சத்தத்தோடு முல்லையாற்றுக்குப் போனோம். முளைப்பாரியை ஆற்றில் விட்டபிறகு சின்னம்மா எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் முங்கி எழுந்தாள். எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன் என்று தெரியாமலே கத்திக் கத்திக் குலவை போட்டேன்.

அந்தப் பச்சைத் தகரப் பெட்டியில் இருந்த சேலைகளை அன்று மாலையே எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாள். பிறகு அடுத்த வருஷத்துக்கான நவதானியம் அதில்தான் இருந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது என் தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். அதற்காக அவனோடு பல மாதம் நான் பேசவில்லை.

சின்னம்மா ஏலத்தோட்டத்திலேயே மலையாளம் பேசப் படித்து, பின்னால் ஆட்களைக் கூட்டிப்போகும் பொறுப்புக்கு வந்து, ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். இன்றைக்குச் சொந்த வீட்டில், சுவர் அகல டிவி வைத்துக்கொண்டு ராணி மாதிரி இருக்கிறாள். காதுக்கு மெஷின் வாங்கித் தந்தோம், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். அம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் சினிமாவில் முடிவு பிடிக்காவிட்டால் “இத எடுத்தவனக் கூட்டிட்டு வாங்க” என்பாள்.

ஆகவே லீடர் அவர்களே, பத்துப் படம் கேட்டாய். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதிலும் பாதிதான். அந்தப் பாதியை உங்கள் பத்துப் படத்துக்கு எதிரே நிறுத்தத் தயார்.

நேற்று அந்தப் படத்தை ஏதோ ஒரு சானலில் போட்டார்கள். ஓடிப்போய்ச் சின்னம்மாவுக்கு போன் அடித்தேன். அவள் எனக்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளை விட்டதும் மறுபடி அடித்தேன்.

“என்ன சின்னம்மா, பாத்து முடிச்சாச்சா?”

“ம், முடிஞ்சிருச்சு. பெட்டியத் தூக்குனா, நான் டிவிய அமத்திட்டேன்.”

“இன்னும் பாதி இருக்கே!”

“அதுக்கு மேல என்னடி இருக்கு?” என்றாள் சின்னம்மா. “முடிவத்தான் ஒங்கம்மா எடுத்துட்டாளே.”